மூட்டை போகாமல் ஆள் இல்லை

விடியும் முன்பே மண் அள்ளத் தொடங்கிவிட்டார்கள். கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்து மண் குளிரில் இறுகிக் கிடந்தது. மண்வெட்டி பட்ட இடமெல்லாம் கணீரென்றது. ஒஃபீலியா கோணியின் வாயைப் பிடித்துக்கொள்ள, ட்வேன் வேர்க்க விறுவிறுக்க அள்ளிப் போட்டான். தராசு முள் இருநூற்றுப் பத்துப் பவுண்டைத் தொட்டதும் அவள் "போதும்" என்றாள். அது ட்வேனின் எடை.

ஸ்டண்ட் ஆட்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் சட்டம் அது. வயரில் மூட்டை போகாமல் ஆள் போவதில்லை.

அன்று படமாக்க வேண்டியது, குண்டடி பட்டவன் பின்னால் பறக்கும் காட்சி. பறப்பவன் முதுகில் எஃகு வயர். அதன் மறுமுனையில் காற்றழுத்த உருளை. பொத்தானை அழுத்தினால் வயர் வெடுக்கென்று ஆளை இழுத்துவிடும். பதினெட்டு வருடங்களாக அந்தப் பொத்தான் ஒஃபீலியாவின் கையில்தான் இருக்கிறது. அழுத்தினாள். மூட்டை பறந்துபோய் மெத்தையின் நட்டநடுவில் விழுந்தது.

தயாரிப்பாளர் ஹேல் காப்பிக் கோப்பையோடு வந்தார். "ட்வேன் வேணாம். ஒல்லியான ஆளா இருந்தாத்தான் நல்லாப் பறப்பான். நாச்சோவைக் கட்டு."

"நாச்சோ நூத்தி நாப்பது பவுண்டுதான் சார். அவன் எடைக்கு வேற மூட்டை கட்டி இழுத்துப் பாக்கணும். அரை மணி நேரம் குடுங்க."

"இப்படி அரை மணி அரை மணியாப் போனா வெயில் ஏறிடும். இந்த வெளிச்சம் என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா? காத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோ."

ட்வேன் சும்மா இருக்கவில்லை. "நெசத்துல குண்டு பட்டவன் பறக்கவே மாட்டான் சார். நின்ன எடத்துலயே பொத்துன்னு விழுவான். அவன் அவ்வளவு தூரம் பறந்தா, சுட்டவனும் எதிர்ப்பக்கம் பறக்கணுமே?"

"பொத்துன்னு விழுறதைப் பாக்க எவன் டிக்கெட் வாங்குவான்?"

நாச்சோ அதற்குள் வயரை மாட்டிக்கொண்டிருந்தான். "விடு ஒஃபி. நீ அழுத்துறப்போ எனக்கென்ன பயம்?"

அந்த வார்த்தைதான் அவளைக் கெடுத்தது. கண்மதிப்பில் காற்றைக் குறைத்தாள். பதினெட்டு வருடத் திமிர்தான், வேறென்ன.

அழுத்தினாள்.

நாச்சோ மெத்தையைத் தொடவே இல்லை. அதைத் தாண்டிப் போய், பின்னால் நின்ற லாரியின் இரும்புப் பலகையில் மோதினான். தேங்காய் உடைவதுபோல் ஒரு சத்தம். கீழே சரிந்தவனின் தொடையெலும்பு கால்சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. வாயிலிருந்து ரத்தம் கொப்பளித்தது. ஒஃபீலியா தன் சட்டையைக் கழற்றித் தொடையை இறுகக் கட்டினாள். கட்டக் கட்டத் துணி சிவந்தது. "மெத்தை எங்க ஒஃபி?" என்று கேட்டுவிட்டு அவன் நினைவிழந்தான்.

ஆம்புலன்ஸ் கிளப்பிய தூசி அடங்குவதற்குள் ஹேல் சொன்னார்: "பறந்தது பிரமாதம். ஆனா டூப்போட முகம் தெரிஞ்சுபோச்சு. இன்னொன்னு எடுத்துடலாம்."

அந்தக் காப்பியை அவர் மூஞ்சியிலேயே ஊற்ற வேண்டும் போலிருந்தது ஒஃபீலியாவுக்கு. "நாந்தான் சார் அழுத்தினேன். அந்தப் பாவம் என்னோடது. இனிமே மூட்டை போகாம அழுத்தமாட்டேன்."

"நீ இல்லேன்னா நூறு விரல் இருக்கு."

"விரல் இருக்கும். வயர்ல தொங்க முதுகு வேணுமே?" என்றபடி ட்வேன் மூட்டையின்மேல் உட்கார்ந்தான். ஒருவர் பின் ஒருவராக மற்ற எட்டு ஸ்டண்ட் ஆட்களும் தரையில் உட்கார்ந்தார்கள்.

ஹேல் போனை எடுத்தார். ஒரு மணி நேரத்தில் பக்கத்து ஊரான பாம்டேலிலிருந்து வேறொரு ஸ்டண்ட் ஆள் வந்து இறங்கினான். பெயர் வெண்டல். ஒல்லி உடம்பு, ஏழு மாதமாக வேலை இல்லாதவன். உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான். லாரிப் பலகையில் காய்ந்துகொண்டிருந்த ரத்தத்தையும் பார்த்தான்.

"மூட்டை போயிருச்சா?"

"கட்டவே விடலை. நாச்சோதான் போனான்," என்றாள் ஒஃபீலியா.

வெண்டல் தராசில் ஏறி நின்றான். "நூத்தி அம்பத்தாறு," என்று உரக்கச் சொல்லி இறங்கி, மண்வெட்டியை எடுத்தான்.

"நிறுத்துடா! நாளைக்கு உங்கள்ல ஒருத்தனுக்கும் எங்கேயும் வேலை கிடைக்காது!" ஹேல் கத்தினார்.

ட்வேன் எழுந்து கோணியைப் பிடித்தான். மற்றவர்களும் எழுந்து, தராசில் ஏறித் தங்கள் எடையைச் சொன்னார்கள். ஆளுக்கொரு மூட்டை நிறைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் தகவல் வரவில்லை. வெயில் ஏறிவிட்டது, ஹேலுக்கு வேண்டிய வெளிச்சம் போய்விட்டது.

ஒஃபீலியா கடைசியாக ஒரு கோணியை எடுத்தாள். அழுதுகொண்டே அள்ளினாள். முள் நூற்று நாற்பதைத் தொட்டதும் கோணியின் வாயை இறுக்கிக் கட்டினாள். காலையில் கட்டியிருக்க வேண்டிய மூட்டை அது. ட்வேனும் வெண்டலும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ள, அதை நாச்சோ நின்ற இடத்துக்குத் தூக்கிப்போய் நிறுத்தினாள்.