பித்தளை அளவுகோலில் பட்ட கண்

எலக்ட்ரான்களை மெல்லிய தகட்டின் மேல் அடித்து, எந்தக் கோணத்தில் எத்தனை சிதறுகின்றன என்று எண்ணுவதுதான் அவளுடைய பிழைப்பு. அந்தத் தகடுகளை இழை பிசகாமல் நிறுத்து வைப்பவள் என்பதால் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குத் 'தராசு' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி.

கோணம் கூடக் கூட எண்ணிக்கை குறைந்துகொண்டே போய், ஓரிடத்தில் பள்ளமாக விழுந்து, மறுபடி எழும். பள்ளம் எந்த டிகிரியில் விழுகிறது என்று தெரிந்தால் அணுக்கருவின் பருமன் தெரிந்துவிடும்; கோணம் குறைந்தால் கரு பருமன், கூடினால் ஒல்லி. முப்பத்து மூன்றில்தான் விழும் என்று எட்டு வருடம் கணக்குப் போட்டு அடித்துச் சொல்லியிருந்தவள் வேறு யாருமில்லை, தராசின் நாத்தனார். ஒரே வீட்டில் மாடியில் இருப்பவள், ஒரே மேஜையில் சாப்பிடுபவள். அவள் கணக்கு நிற்குமா விழுமா என்பது தராசின் அளவீட்டில் இருந்தது.

ஆசைப்பட்ட விடைக்கு அளவை வளைக்கிற புத்தி எல்லோருக்கும் உண்டு. நாத்தனார் விஷயம் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் அங்கே ஓர் ஏற்பாடு. கருவியைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர் தன் மனதுக்குத் தோன்றிய ஓர் எண்ணைக் கோணத்தோடு கூட்டிவிட்டு, அந்த எண்ணை உறையில் போட்டு ஒட்டிவிடுவார். திரையில் தெரிவதெல்லாம் பொய்க் கோணம். எல்லாக் கணக்கும் முடிந்த பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள். உண்மைக் கோணம் கருவிக்கு அடியில் தரையில் பதித்த பித்தளை அளவுகோலில் இருக்கும். அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருக்கும்.

அன்று காலை எலக்ட்ரான் கற்றையை நிறுத்திவிட்டுத் தகடு மாற்ற உள்ளே போனவள் பேனா மூடியைத் தவறவிட்டாள். எடுக்கக் குனிந்தால், டேப் ஒரு முனையில் உரிந்து கிடந்தது. வேறு யாராவது என்றால் ஏதோ கோடு என்று விட்டிருப்பார்கள். பத்தில் ஒரு பங்கு டிகிரிவரை படித்தே பழகிய பாழாய்ப்போன கண் அது. முப்பத்தொன்பது புள்ளி ஒன்பது. திரையிலோ நாற்பத்தொன்று புள்ளி மூன்று. மனசு கேட்காமலே கழித்துப் பார்த்துவிட்டது. திரையில் முப்பத்து மூன்று புள்ளி ஒன்பதில் தெரிந்த பள்ளம் உண்மையில் முப்பத்திரண்டரையில் விழுகிறது. நாத்தனார் அரை டிகிரி தவறிவிட்டாள்.

மீதியிருந்தது ஒரே ஒரு முடிவு. கற்றை ஆட்டம் கண்ட மூன்று நாள் பதிவுகளைச் சேர்ப்பதா, தள்ளுவதா என்று மதியத்துக்குள் அவள் சொல்ல வேண்டும். தள்ளினால் பள்ளம் நாத்தனார் பக்கம் நகர்ந்து, ஏறக்குறைய ஒட்டிப்போகும். தள்ளுவதற்கு நியாயமும் இருந்தது. நேற்றே தள்ள நினைத்திருந்தோமா, இல்லை இப்போதுதான் அப்படித் தோன்றுகிறதா என்பது அவளுக்கே பிடிபடவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

நேரே அதே ஆய்வுக்கூடத்தில் இருந்த நாத்தனாரின் அறைக்குப் போனாள்.

"டேப் உரிஞ்சிருந்தது. நான் பாத்துட்டேன். இனிமே இந்தக் கணக்குல நான் கை வைக்கக் கூடாது."

நாத்தனார் எழுதுவதை நிறுத்தினாள். "எவ்வளவுன்னு மட்டும் சொல்லிடாதீங்க அண்ணி."

தராசின் இரண்டு வருட உழைப்பு அன்றே பக்கத்து அறைக்காரரிடம் போனது. எதையும் மூன்று தடவை கேட்பவர் என்பதால் அவருக்குப் பெயர் 'சந்தேகம்'. ஃபிட்டர் தலையில் அடித்துக்கொண்டு, இருந்த பதிவுகளுக்கெல்லாம் வேறொரு எண்ணை மாற்றிப் போட்டு, புது உறையை ஒட்டினார்.

அடுத்த மூன்று வாரம் வீட்டில் பெரும்பாடு. தராசுக்குப் பொய் வராது, முகமோ அதைவிட மோசம். நாளிதழை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டே சாப்பிட்டாள். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் சண்டை என்று அவள் கணவன் தானாக முடிவுகட்டி, மனைவியிடமும் தங்கையிடமும் தனித்தனியே சமாதானம் பேசப் போய் இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான். இத்தனைக்கும் நடுவில் தராசு நிம்மதியாகவே தூங்கினாள். மூடி மறைக்க வேண்டிய தப்பு எதுவும் அவளிடம் இல்லை.

உறை பிரிந்தது. சந்தேகம் அந்த மூன்று நாளையும் சேர்த்திருந்தார், ஏன் என்று இரண்டு பக்கம் விளக்கமும் எழுதியிருந்தார். கழித்தால் முப்பத்திரண்டரை. அணுக்கரு நாத்தனார் சொன்னதைவிடக் கொஞ்சம் பருமன்.

எட்டு வருடம் போயிற்றே என்று தராசு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நாத்தனார் குறுக்கிட்டாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் அண்ணி. நல்ல சேதியா இருந்தா நீங்க அப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு சாப்பிட்டிருக்க மாட்டீங்க. கரு நான் சொன்னதைவிட பருமனா, ஒல்லியாங்கிறதுதான் புரியல. அதான் ரெண்டுக்குமே புதுசா கணக்குப் போட ஆரம்பிச்சுட்டேன்."

பையிலிருந்து பருமனுக்கு ஒன்று, ஒல்லிக்கு ஒன்று என்று இரண்டு நோட்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இரண்டுமே பாதிக்குமேல் நிறைந்திருந்தன.

தராசு கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒல்லி நோட்டை ஓரமாகத் தள்ளினாள்.

"சரி, பருமனைப் பிரி. எது வரைக்கும் வந்திருக்கே?"