குறிப்பெடுக்கப்படாத வாக்கியம்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. போன மாதம் பழைய அலமாரியை ஒழிக்கப் போய் அகப்பட்ட ஒரு தடித்த அச்சுப் புத்தகத்திலிருந்து வந்தது. சட்டமன்றத்தில் யார் என்ன பேசினார்கள் என்பதன் பதிவு. அச்சடித்த நாளிலிருந்து யாரும் புரட்டியிருக்க மாட்டார்கள். அதன் நடுப்பக்கம் ஒன்றில், அடைப்புக்குறிக்குள், அரசாங்கப் புத்தகத்தில் இருக்கவே கூடாத ஒரு வரி இருக்கிறது. எழுதியது என் அம்மாவும் அத்தையும்.

2

தொடக்கம், முதல் முயற்சி: அன்று வெளியே மழை கொட்டிக்கொண்டி—

(பெய்யவில்லை. பெய்தால் எனக்கு எழுத வசதி, அவ்வளவுதான்.)

இரண்டாவது: நல்ல மேடைப் பேச்சு மனித மனங்களை ஒன்றிணைக்கும் ஆற்ற—

(பள்ளிக்கூடக் கட்டுரை. அடித்தாயிற்று.)

மூன்றாவது: அம்மா பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

இது பரவாயில்லை. இதை வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

3

அம்மா மன்றத்தில் சுருக்கெழுத்தாளர். உறுப்பினர் பேசப் பேச, இரண்டு பேர் ஆளுக்குப் பத்து நிமிடமாக மாறி மாறிக் குறிப்பெடுப்பார்கள். முறை முடிந்தவள் பென்சிலால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவாள், அடுத்தவள் தொடங்குவாள். தட்டியவள் உடனே நிறுத்தக் கூடாது, இன்னும் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அந்த வாக்கியம் இரண்டு நோட்டிலும் இருக்கும். பிறகு பக்கத்து அறையில் உட்கார்ந்து, அதை வைத்துத்தான் பேச்சை ஒட்டுவார்கள்.

(வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுப்பார்களாம்: காதில் வாங்கு, கையில் விடு, மனசுக்குள் விடாதே. ரசிக்க ஆரம்பித்தால் கை நின்றுவிடும்.)

அம்மாவின் ஜோடி என் அத்தை, அப்பாவின் தங்கை. வேலை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். ஆனால் இருவரும் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அத்தை ஒரு கட்சி, அம்மா எதிர்க்கட்சி. அத்தை எங்கள் வீட்டிலேயே இருந்த காலம், தேர்தல் சமயத்தில் சாப்பாட்டு மேசையில் வார்த்தை தடித்தது.

"உங்க கட்சிக்கு ஓட்டுப் போடறவங்களுக்கு மூளையே கிடையாது அண்ணி."

"மூளை இருக்கறவ அடுத்தவ சமையலை உக்காந்து சாப்பிட மாட்டா."

அத்தை பாதித் தட்டோடு எழுந்தாள். மறுவாரமே வேறு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். அதோடு எங்கள் வீட்டில் சாயங்காலச் சிரிப்பும் போயிற்று. எனக்கு இன்றைக்கும் அந்த ஏக்கம் தீரவில்லை. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அம்மாவும் தவியாய்த் தவித்தாள். வாய்தான் வரவில்லை. அலுவலகத்தில் ஒட்ட வேண்டிய வாக்கியத்தைக்கூடத் துண்டுச்சீட்டில் எழுதி ஒருத்தி பக்கம் ஒருத்தி தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

4

அத்தையைப் பற்றி ஒரு சந்தேகம். அவளை வாய்த்துடுக்குக்காரியாக்கிவிட்டால் கதை சுலபமாக ஓடும். ஆனால் அந்த இரண்டு வருடமும் தினம் காலையில் அம்மாவின் இடத்தில் ஆறு பென்சில் கூராகச் சீவி வைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்?

"பேசலைன்னா என்ன, முனை மழுங்கினா வேலை கெடும்" என்றாளாம் பிற்பாடு.

ஆக, என் மூன்றாவது தொடக்கமும் பொய். அம்மா பென்சில் சீவவில்லை. நீங்களே அடித்துவிடுங்கள்.

5

அந்த வாரம் நகரத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் தெருத்தெருவாக அடித்துக்கொண்டார்கள். மன்றத்தில் அத்தை கட்சியின் பெரியவர் எழுந்தபோது, இன்றைக்கு வசை மழைதான் என்று எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் பேசியது இது:

"எதிரே இருப்பவர் என்னைத் தோற்கடிக்கப் பார்க்கிறார். பார்க்கட்டும், அதற்குத்தான் மக்கள் அவரை அனுப்பினார்கள். போன வருடம் இதே இடத்தில் எனக்கு மயக்கம் வந்தபோது முதலில் ஓடிவந்து தாங்கியவரும் அவர்தான். தெருவில் கல்லெடுக்கும் தம்பிகளே, எங்களைப் பார்த்துச் சண்டை போடுகிறீர்கள் என்றால் சரியாகப் பாருங்கள். நாங்கள் எதிர்க்கிறோம், வெறுக்கவில்லை."

இதுவரை அத்தையின் நோட்டு. அத்தை தட்டினாள்.

பெரியவர் அடுத்த வாக்கியத்தைச் சொன்னார். அவை மொத்தமும் எழுந்து நின்றது, அம்மாவின் கட்சிக்காரர்கள் உட்பட. எதிர்க்கட்சித் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மா நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சுதாரித்துக் குனிந்தபோது அவள் நோட்டு வெள்ளையாக இருந்தது. எட்டிப் பார்த்தாள். அத்தையின் பென்சிலும் கீழே கிடந்தது.

(தெருச் சண்டை அன்றைக்கே நின்றதா? இல்லை, இன்னும் இரண்டு நாள் பிடித்தது. பேச்சு மந்திரமில்லை.)

6

ஒலிப்பதிவு இல்லாத காலம். அம்மாவுக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருந்தது. பேச்சின் உச்சத்தில் ஒரு வாக்கியத்தைத் தவறவிட்டவள் என்று தெரிந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

முடிவு (அ): இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்க—

(அத்தைக்குத் தொட்டாலே கூச்சம்.)

முடிவு (ஆ): ஏதோ ஒரு வாக்கியத்தை இட்டுக்கட்டி—

(அம்மா செத்தாலும் செய்ய மாட்டாள்.)

நடந்ததைச் சொல்கிறேன். தலைமைக் குறிப்பாளரின் மேசைக்கு அரை மணி நேரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. 'என் முறை தொடங்கிவிட்டது. தவறு என்னுடையது' என்றது அம்மாவுடையது. 'தட்டிய பிறகு ஒரு வாக்கியம் எழுத வேண்டியவள் நான். தவறு என்னுடையது, புதியவரைக் கேட்க வேண்டாம்' என்றது அத்தையுடையது. அவர் இருவரையும் கூப்பிட்டார்.

"ரெண்டு பேருமே நான்தான்னா, யார் மேல நடவடிக்கை எடுக்கறது? வெளியில போய்ப் பேசி முடிவு பண்ணிட்டு வாங்க."

தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள் அம்மா.

"நானும்தான் அண்ணி."

திரும்பி வந்து ஒரே தாளை நீட்டினார்கள். அதுதான் அச்சில் இருக்கும் வரி: (இவ்விடத்தில் ஒரு வாக்கியம் குறிப்பெடுக்கப்படவில்லை. நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.) திருத்தம் பார்க்கப் போன பிரதியில் பெரியவர், ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று மட்டும் எழுதி அனுப்பினாராம். அம்மா அங்கேயே இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள்.

7

அவர் சொன்ன வாக்கியம்தான் என்ன என்று கேட்பீர்கள். நானும் இருவரையும் தனித்தனியாகக் கேட்டேன். அம்மா ஒரு வாக்கியம் சொன்னாள். அத்தை சொன்னது வேறு. ஒரு சொல்கூடப் பொருந்தவில்லை.

எனக்குக் கதை முடிய வேண்டுமே. அத்தை சொன்னதை அம்மாவிடம் கொண்டுபோனேன்.

"அவ அப்படிச் சொன்னாளா? அப்ப அதான் சரி. அதையே எழுது."

அம்மா சொன்னதை அத்தையிடம் கொண்டுபோனேன்.

"அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் சொன்னத அடிச்சிடு."

இரண்டையும் அடித்துவிட்டேன். இந்த இடத்தில் நீங்கள் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள்:

..............................