சிவப்பு என்றால் ஸ்டார்போர்ட்

நெமானி அந்த விளையாட்டில் தோற்று நான் பார்த்ததில்லை. சுவா துறைமுக நகரில் கப்பல் படிப்பு படிக்கும் எங்களுக்கு உனைசி மேடம் கடல் சொற்களை ஆன்லைன் வினாடி வினாவாகத்தான் நடத்தினார். போனில் கேள்வி வரும், நான்கு வண்ணக் கட்டங்களில் விடைகள் வரும், முதலில் தொடுகிறவனுக்கு அதிக மதிப்பெண். நான் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் நெமானி தொட்டுவிட்டுப் பல்லைக் காட்டுவான். அத்தை மகன் வேறு. கிண்டலடிக்க அவனுக்குப் பட்டா போட்டே கொடுத்திருக்கிறது.

"மச்சான், தூங்கிட்டியா? எழுப்பி விடட்டுமா?"

பயல் எதையும் படிப்பதே இல்லை. மேடமும் விடைகளை இடம் மாற்றிப் போடும் ஆளல்ல. அவன் வண்ணத்தை மட்டும் உருப்போட்டு வைத்திருந்தான். இடப்பக்கத்தைக் குறிக்கும் போர்ட் பச்சைக் கட்டத்தில் இருந்தது, வலப்பக்கமான ஸ்டார்போர்ட் சிவப்பில். கப்பல் விளக்குகளோ நேர்மாறு, போர்ட்டுக்குத்தான் சிவப்பு. அதைச் சொன்னதற்கு, கடைசியில் நிற்கிறவன் பாடம் எடுக்கக் கூடாது என்றான்.

அவன் ஊரான கோரோ தீவுக்குப் போகும் கப்பலில் ஒரே ஒரு பயிற்சி இடம் வந்தது. ஆளைத் தேர்ந்தெடுக்கப் போகும் கேப்டனிடம் மேடம் நெமானியைப் பெருமையாகக் கூட்டிப்போனார். தொட்டுக்கொள்ள ஊறுகாயாக என்னையும். அவன் அதற்குள் வீட்டுக்குப் போன் போட்டு, சீருடையில் வந்து இறங்குகிறேன், விருந்துக்குப் பன்றியைத் தயார் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டான்.

இருட்டத் தொடங்கிய நேரம், கப்பலின் மேல்தளத்தில் நின்றிருந்தோம். தூரத்தில் ஒரு படகின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. அதன் எந்தப் பக்கம் நமக்குத் தெரிகிறது என்று கேப்டன் கேட்டார்.

நெமானியின் கட்டைவிரல் தானாக அசைந்தது. "ஸ்டார்போர்ட்."

"இவன நம்பித் திருப்பினா நேரா அந்தப் படகு மேலதான் ஏறணும்" என்றார் கேப்டன், மேடத்தைப் பார்த்து. மேடம் கடலைப் பார்த்தார்.

அடுத்து கேப்டன் என்னைக் கேட்டார். யோசித்து, மெதுவாகத்தான் போர்ட் என்று சொன்னேன். இடம் எனக்குக் கிடைத்தது. சந்தோஷமாக இருந்தது, நெமானியின் முகத்தைப் பார்த்தபோது கேவலமாகவும் இருந்தது.

நான் கோரோவில் இறங்கியபோது அத்தை மாலையோடு நின்றிருந்தாள். மண்ணுக்குள் தோண்டிய அடுப்பில் பன்றி வெந்துகொண்டிருந்த வாசனை. என் சீருடையைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அவன் எங்கடா?"

"படிச்சிட்டு இருக்கான் அத்த."

"எல்லாருக்கும் முன்னாடி முடிச்சிருவேன்னு சொன்னானே?"

"முடிச்சிட்டான் அத்த. இப்பதான் படிக்க ஆரம்பிச்சிருக்கான்."