செவ்வாய்க்கிழமை விரிப்பு

ஆபரேஷன் விரிப்புகளைப் பாதியில் விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து இஸ்திரிக்காரி வலது காலை இழுத்து இழுத்து இரண்டு மாடி ஏறினாள். லிஃப்டில் 'நோயாளிகளுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. இன்றைக்குத் தானும் நோயாளிதான் என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை.

முழங்கால் மூட்டு மக்கர் பண்ண ஆரம்பித்து இரண்டு வருடமாகிறது. நின்று தேய்க்க முடியாவிட்டால் அடுத்த மாதம் வேறு ஆள் போடுவதாக மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

நர்ஸ் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினாள். ஸ்கேனை வைத்து அதுவே திட்டம் போட்டிருந்தது: எலும்பை எங்கே எவ்வளவு வெட்டுவது, எந்த அளவு மூட்டு வைப்பது, எத்தனையாவது நாள் நடக்க வைப்பது. டாக்டரும் பார்த்துச் சரி சொல்லிவிட்டாராம். அடுத்த செவ்வாய்க்கிழமை முதல் ஆள் அவள்தான். இத்தனை அக்கறையாக அவளை யாரும் பார்த்ததில்லை.

கடைசியாக ஒரு கட்டம் பாக்கியிருந்தது. வீட்டில் இரண்டு வாரம் கூட இருக்கப்போவது யார் என்று நர்ஸ் கேட்டாள்.

"தங்கச்சி இருக்கா, சிஸ்டர்."

தங்கச்சி என்று யாரும் கிடையாது. அவள் போனில் இரண்டு சிம். இரண்டாவது நம்பர் ஒருவருக்கும் தெரியாது. அதைத் தங்கச்சி நம்பராகச் சொன்னாள். எப்போதாவது கூப்பிட்டால் குரலை மாற்றிப் பேசிக்கொள்ளலாம் என்று ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்தாள். நர்ஸோ அப்போதே மேஜை போனை எடுத்து நம்பரை அழுத்தினாள்.

இஸ்திரிக்காரியின் மடியிலிருந்த பைக்குள் மணி அடித்தது. இருவரும் பையைப் பார்த்தார்கள்.

நர்ஸ் போனை மெல்ல வைத்தாள். "யாருமே இல்லையாக்கா?"

"பூட்டும் சாவியும்தான் சிஸ்டர்."

நர்ஸ் கட்டத்தில் 'இல்லை' என்று தட்டினாள். செவ்வாய்க்கிழமையில் வேறொரு பெயர் ஏறியது.

"டாக்டர் சரின்னாலும் இந்தக் கம்ப்யூட்டர் தேதி குடுக்காதுக்கா. கூட இருக்க யாராச்சும் கெடைச்சா வாங்க."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது சரிதான் என்று நினைத்துக்கொண்டே, கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

கீழே பாதி அடுக்கிய விரிப்புகள் அப்படியே கிடந்தன. மேலே இருந்த விரிப்புக் கட்டின் மீது 'செவ்வாய், முதல் ஆபரேஷன்' என்று சீட்டு குத்தியிருந்தது. இடது காலில் பாரத்தைப் போட்டு நின்று, பச்சை விரிப்பை உதறிப் போட்டு, ஒரு சுருக்கமும் இல்லாமல் தேய்த்தாள்.