ஆடிக்கிருத்திகையன்று பிரசவ வார்டில்

ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணி நிரம்பி வழிந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று நர்சுகளில் இருவரை மலையடிவார முதலுதவி முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். பிரசவ வார்டுக்கும் அவசரப் பிரிவுக்கும் தேவகி ஒருத்திதான். நேற்றைய ஷிப்ட் முடிந்தும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. மாற்றிவிட ஆள் வரவில்லை.

காலையில் குழந்தை பெற்ற கயல்விழியின் புருஷன் டில்லிபாபு வந்து நின்றான். பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுகிறவன்.

"சிஸ்டர், தல சுத்துதுன்னு சொல்லிகினு இருக்கா. கொஞ்சம் வந்து பாருங்க."

"பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும். தண்ணி குடுங்க, வரேன்."

போகத்தான் நினைத்தாள். அதற்குள் காவடியோடு மலைப்படியில் மயங்கி விழுந்த ஒருவரைத் தூக்கி வந்தார்கள். அவர் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தபோது டில்லிபாபு மறுபடி வந்தான்.

"எனக்கு என்ன பத்து கையா இருக்கு? சும்மா சும்மா வந்துகினு நிக்காதீங்க!"

தலையாட்டிவிட்டுப் போனவன் பிறகு வரவில்லை. சரியாகிவிட்டது போலும் என்று தேவகி அடுத்தடுத்து வந்தவர்களைப் பார்த்தாள்.

ஒருவழியாக அவள் வார்டுக்குள் நுழைந்தபோது கயல்விழி வெளுத்துக் கிடந்தாள். போர்வையை விலக்கினால், மெத்தையெல்லாம் ரத்தம். தேவகி டாக்டரைக் கூவி அழைத்தபடியே அடிவயிற்றை அழுத்திப் பிசைந்தாள். இறுகியிருக்க வேண்டிய கருப்பை தொளதொளவென்று கிடந்தது. மருந்து ஏற்றி, திருவள்ளூருக்கு ஆம்புலன்சில் அனுப்பினார்கள். வார்டை விட்டுவிட்டு அவளோடு போகத் தேவகியால் முடியவில்லை. கூட்டத்தில் வண்டி ஊர்ந்தது. வழியிலேயே உயிர் போய்விட்டதென்று டிரைவர் போன் செய்தார்.

சாயங்காலம் குழந்தையை வாங்கிப்போக டில்லிபாபு வந்தான்.

"ஏங்க மறுபடி வந்து கூப்பிடல?" என்றாள் தேவகி.

"நீங்க கோவப்பட்டீங்களே சிஸ்டர். பாவம், ஒருத்தியா அல்லாடறாங்க, வருவாங்க, பொறுத்துக்கன்னு அவகிட்ட சொல்லிகினு இருந்தேன். அவளும் 'ஆங்'னு சொன்னா."

அவன் குரலில் கோபமே இல்லை. ஒரு அறை விட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

பெரிய டாக்டரிடம் போய், "ஒருத்தியால முடியல சார்" என்றாள்.

"திருவிழா முடியட்டும், ஆள் கேட்டுப் பாக்கலாம்."

அவள் திரும்பி வருவதற்குள் அந்தக் கட்டிலைக் கழுவி, திருவாலங்காட்டுப் பெண் ஒருத்தியைப் படுக்க வைத்திருந்தார்கள். தேவகி அவள் பெயரைக் கேட்டாள். பதில் மனதில் நிற்கவில்லை. இன்னொரு தரம் கேட்டாள்.