மூன்றாம் காலின் நடுக்கம்

2024 ஆகஸ்ட் 6, செவ்வாய்க்கிழமை காலை 10.40 மணிக்கு, காக்கிநாடாவுக்குக் கிழக்கே கடலில் நிற்கும் ஓர் எரிவாயு மேடையின் மூன்றாம் கால் அதிர்வதாக, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு லேப்டாப்பில் எச்சரிக்கை வந்தது.

லேப்டாப் சங்கீதாவுடையது. மேடையின் கால்களில் பொருத்திய சென்சார்கள் அனுப்பும் அதிர்வுகளை வீட்டிலிருந்தே கண்காணிப்பது அவள் வேலை. வரும் வெள்ளிக்கிழமையோடு வேலையில் சேர்ந்து ஆறு மாதச் சோதனைக் காலம் முடிகிறது. தவறில்லாமல் தாண்டினால் வேலை நிரந்தரம். விதிப்படி மேலாளர் தேவேந்திரனுக்குத் தகவல் சொன்னாள். மேடையில் அபாயச் சங்கு ஊதியது. நாற்பத்திரண்டு பேர் மிதவைச் சட்டையோடு வரிசையில் நின்றார்கள். அவர்களை ஏற்றிவரக் கரையிலிருந்து ஹெலிகாப்டர் கிளம்பியது.

"சங்கீதா, கடல் அலையே இல்லாம கெடக்குதாம். கால் மட்டும் ஏம்மா ஆடுது?" என்றார் தேவேந்திரன் போனில்.

"தெரியல சார். ரெண்டு உதறல், கொஞ்சம் நிறுத்தம், மறுபடி ரெண்டு. கரெக்டா ஆடுது."

சட்டென்று திரையில் அதிர்வுக் கோடு நேராகப் படுத்துவிட்டது. அதே நேரம் வீடும் ஓசையற்றுப்போனது. கூடத்துத் தறியிலிருந்து எழுந்த அப்பா பஞ்சாட்சரம் டம்ளரோடு எட்டிப் பார்த்தார்.

"என்னாம்மா, பேயடிச்ச மாதிரி குந்திக்கினு இருக்க? டீ குடிக்கிறியா?"

தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த காது சங்கீதாவுடையது. தறி ஓடினால் கேட்காது, நின்றால்தான் கேட்கும். அப்பா டீயை முடித்துத் தறிக் குழியில் இறங்கினார். இரண்டு அடி, நிறுத்தம். திரையிலும் இரண்டு உதறல், நிறுத்தம்.

சங்கீதா ஓடிப்போய்க் குனிந்து பார்த்தாள். சேலைக் கரைக்கான பாவு நூல்கள் தளராமலிருக்கக் கட்டும் மணல் பைக்குப் பதிலாக, கனத்த இரும்பு உருளை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் காலின் பழைய சென்சார். புதியதை மாட்டிவிட்டு, இதைச் சோதிக்கச் சொல்லிப் போன வாரம் அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். பட்டியலிலிருந்து இதன் எண்ணை நீக்க வேண்டியவள் அவள். நீக்கவில்லை. சோதனைக்கு ஓடவிட்டிருந்த இது அனுப்பிய அதிர்வு, மூன்றாம் காலின் பெயரிலேயே திரைக்கு வந்திருந்தது.

"யாரக் கேட்டுப்பா எடுத்த?"

"பைய எலி கடிச்சிடுச்சி. இது சும்மாதானே கெடந்தது? நல்ல கனம்மா, இன்னொண்ணு இருந்தா குடு."

"கழட்டுப்பா!"

"கழட்டுனா கரை தொளதொளன்னு ஆயிடும். நீ வந்து புடிச்சிக்கினு நிப்பியா?"

சென்சார் பழுது என்று ஒரு வரி எழுதிவிட்டால் யாரும் தோண்டப்போவதில்லை. ஆனால் கால்களில் இருக்கும் சென்சாரே பழுது என்று நினைத்துவிட்டால், வரிசையில் நிற்கிறவர்கள் நாளைக்கு உண்மையான சங்கையும் நம்பமாட்டார்கள். போனை எடுத்தாள்.

"சார், கால் ஆடல. எங்கப்பா நெய்யறாரு."

"எங்கம்மா, கடல்லயா?"

"கூடத்துல, சார். தப்பு என்னுது."

அவள் முழுதும் சொல்லி முடித்தாள். தேவேந்திரன், "அப்பாவ அஞ்சு நிமிஷம் நிறுத்தச் சொல்லு. கோடு படுத்துச்சுன்னா ஹெலிகாப்டர திருப்பிடறேன்" என்றார்.

பஞ்சாட்சரம் நிறுத்தினார், கோடும் படுத்தது. ஹெலிகாப்டர் பாதி வழியில் திரும்பியது. உருளையைக் கழற்றிவிட்டுப் பாவில் அம்மிக் குழவியைக் கட்டினார்கள். நடந்ததை நடந்தபடியே சங்கீதா அறிக்கையில் எழுதினாள். அவளுடைய பணி நிரந்தரம் மூன்று மாதம் தள்ளிவைக்கப்பட்டது.