பக்கத்து வீட்டுச் சாட்சி

ஹண்ட்ஸ்வில்லில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ராக்கெட் வேலை. அந்த வேலையின் ரகசியங்களைக் கையாள அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். அதைப் புதுப்பிக்கும்போதெல்லாம் ஒரு விசாரணை அதிகாரி வந்து அக்கம்பக்கத்துக் கதவுகளைத் தட்டுவார். "தங்கமான மனுஷன்" என்று சொல்லி அனுப்புவது எங்கள் தெருவின் மரியாதை. நாளைக்கு நமக்கும் அவர்கள் சொல்ல வேண்டுமே!

இந்த முறை என் கணவர் வெண்டலைப் பற்றி விசாரணை. போன வருஷம் குடித்துவிட்டு ஓட்டி, காரைப் பள்ளத்தில் இறக்கி, போலீஸில் மாட்டியவர். அதன்பின் சிகிச்சைக்குப் போனார். ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. அதிகாரியிடம் எல்லாவற்றையும் அவரே சொல்லிவிட்டார். குடித்ததைவிட மறைத்ததற்குத்தான் அதிகம் பேருக்கு அனுமதி போகிறது என்று வக்கீல் எச்சரித்திருந்தார். ஆனாலும் எனக்குப் பயம்தான். அனுமதி போனால் வேலையும் போச்சு.

சனிக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டு ராய்ஸ், கொல்லையில் பன்றி விலாவைச் சுட்டுக்கொண்டிருந்தவர், பீர் டப்பாவோடு வேலியருகே வந்தார்.

"லோர்னா, கவலைய விடும்மா. அந்த ஆபீசர் நேத்து வந்தான். வெண்டல் ஐஸ் டீயைத் தவிர வேற எதையும் தொட்டதே இல்லன்னு அடிச்சு விட்டேன்!"

நான் வேலியருகே ஓடினேன்.

"அட மனுஷா! அவரே எல்லாத்தையும் சொல்லிட்டாரே! இப்ப நாங்கதான் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தோம்னு நினைக்க மாட்டானா?"

ராய்ஸ் முகம் வெளுத்தது.

"போன் பண்ணி உண்மையைச் சொல்லுங்க ராய்ஸ்."

"எனக்கும் அடுத்து அனுமதி புதுப்பிக்கணும்மா. பொய் சொன்னேன்னு தெரிஞ்சா என் கதி?"

"உங்க வாய்க்கொழுப்புக்கு என் வீட்டுக்காரர் வேலை போகணுமா?"

எனக்குக் கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. அடுப்பில் விலா கருகத் தொடங்கியது. ராய்ஸ் அதைப் புரட்டாமல், அதிகாரி கொடுத்துவிட்டுப் போயிருந்த முகவரி அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, என் கண்ணெதிரேயே போன் செய்தார்.

"நேத்து நான் சொன்னது பொய் சார். அவங்க யாரும் அப்படிச் சொல்லச் சொல்லல... ஏன் பொய் சொன்னேனா?"

கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார்.

"அன்னிக்கு அவனுக்கு ஊத்திக் குடுத்ததே நான்தான் சார். அவன் நிறுத்திட்டான். நான் நிறுத்தல."

வெண்டலுக்கு அனுமதி வந்தது. சில வாரங்களில் இன்னொரு அதிகாரி எங்கள் கதவைத் தட்டினார். ராய்ஸைப் பற்றிக் கேட்டார். தங்கமான மனுஷன் என்றுதான் நாக்கு நுனி வரை வந்தது; விழுங்கிக்கொண்டேன்.

"குடிப்பாரா?"

"குடிச்சிட்டு இருந்தார் சார். இப்ப வாராவாரம் என் வீட்டுக்காரர்தான் அவரைச் சிகிச்சைக்குக் கூட்டிட்டுப் போறார்."

அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார். ராய்ஸைக் காப்பாற்றினேனா, கவிழ்த்தேனா என்று தெரியாமல் நான் வாசலிலேயே நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் ராய்ஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.